நைந்த வளையமும் நல்ல பெட்டியும்

பொருளொன்று பழுதுற்றவிடத்து, 'இஃது இனி உதவாது' என்று சொல்லிவிடுதல் எளிது. அதற்கு ஒரு நொடி போதும். 'இதில் உதவாமற் போனது எது?' என்று கேட்பதற்கோ நல்ல வெளிச்சமும், ஒரு திருப்புளியும், சிறிது பொறுமையும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் மனமும் வேண்டும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை யான் அறிந்துகொண்டது ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டியினால் ஆகும். அதனையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றேன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயில்பவன் இலக்கியத்தை விடுத்து மின்கருவியைப்பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று ஆசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். அவ்வினாவிற்குரிய விடையை முடிவிலே கூறுவேன்; அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் இல்லம் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ளது. ஊரை ஒட்டிச் சமணர் மலை நிற்கின்றது. மலையடியில் தாமரைக் குளமும் கருப்பசாமி கோயிலும் உள்ளன. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இடங்களில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து நோக்கினால் அம்மலை நன்கு தெரியும். திண்ணையை அடுத்த அறையில், என் பாட்டனார் வாங்கிவைத்த மரப்பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்றும், அதன் மேலே சிறியது ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தன. சிறியது உச்ச சுரங்களையும் பெரியது மந்தர சுரங்களையும் ஒலிப்பன. பெரியதனை வூஃபர் என்று வழங்குவர். மாலை வேளைகளில் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை அப்பெட்டிகளின் வழியே கேட்டு வளர்ந்தவன் யான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒருநாள், இடப்பக்கத்துப் பெட்டியின் குரல் மாறியது. மிருதங்கத்தின் வலந்தலை ஓசை மட்டும் கேட்டது. தொப்பியின் ஆழ்ந்த ஓசை எங்கோ மறைந்துபோயிற்று. அது வரவேண்டிய இடத்திலெல்லாம் கிழிந்த முறத்தைத் தட்டினாற்போன்ற ஓர் அதிர்வு எழுந்தது. பெட்டியை நகரத்துக் கடை ஒன்றிற்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் முன்புறத்துத் துணியையும் நீக்கிப் பாராமல், 'இது பழைய செட்டு, இனித் தேறாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார். என் தந்தையார் தயங்கினார். தம் தந்தையின் நினைவாக நின்ற பொருளை விற்க அவருக்கு மனமில்லை. யானோ அப்பொழுதுதான் மேனிலைப் பள்ளியில் பௌதிகம் பயின்று தேறியவன். 'அப்பா, கெட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?' என்று அறிவுரை கூறினேன். படித்த பிள்ளை சொல்கின்றானே என்று அவரும் இசைந்தார். பெட்டி காயலான் கடைத் தராசில் ஏறியது. எடைக்குக் கிடைத்த தொகை பேருந்துக் கட்டணத்திற்குச் சற்று மேற்பட்டது; அவ்வளவே.

மறு ஆண்டே வலப்பக்கத்துப் பெட்டிக்கும் அந்நோய் வந்தது. இம்முறை எங்கள் பக்கத்துத் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் அண்ணன் ஒருவர் தற்செயலாக வீட்டிற்கு வந்திருந்தார். அவர் துணிச் சட்டத்தைப் பெயர்த்து, வூஃபரின் விளிம்பை ஒற்றை விரலால் தொட்டார். விளிம்பிலிருந்த கறுத்த வளையம் பொடிப்பொடியாய் உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. 'தம்பி, போனது இந்த ஃபோம் வளையம் மட்டும்தான். கோன் நன்றாயிருக்கிறது, காயில் நன்றாயிருக்கிறது. இன்னொரு பெட்டி எங்கே?' என்று கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. என் தந்தையாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே காயலான் கடைக்குச் சென்றேன். ஓராண்டு கழிந்தபின் அங்கே என்ன இருக்கும்? கூடை ஒன்றில் உடைத்தெடுத்த ஒலிபெருக்கிக் காந்தங்கள் குவிந்து கிடந்தன. அவற்றுள் எது எம்முடையது என்று யார் அறிவார்!

என் குற்றம் யாதென்று அன்று விளங்கிற்று. நோய் இன்னதென்று அறியாமலே நோயாளியை இறந்தான் என்று சொல்லிவிட்டேன். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் வைத்தியனுக்கு ஓர் ஒழுங்கை வகுத்திருக்கின்றது: முதலில் நோயை ஆராய்தல், பின்னர் அதன் காரணத்தை ஆராய்தல், அதன்பின் தணிக்கும் வழியைத் தேடுதல். அவ்வதிகாரத்தை மனப்பாடம் செய்து பரிசு பெற்ற யான், அதனை ஒருநாளும் ஒரு பெட்டியின்முன் நினைத்ததில்லை.

இனி, அவ்வளையம் யாது, அது நைவது ஏன் என்பதைச் சுருக்கமாகக் கூறுவேன். இன்று நாம் வழங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காகிதக் கூம்பு ஒன்று. அதன் அடியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று. அச்சுருள் அசைதற்குக் காந்தத்தின் நடுவே குறுகிய இடைவெளி ஒன்று. சுருளிலே மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்பொழுது, அது காந்தத்தால் முன்னும் பின்னும் உந்தப்படும். கூம்பும் உடன் அசைந்து காற்றை அசைக்கும். இக்கூம்பை இரண்டு பிடிகள் தாங்குகின்றன. அடியிலே சுருளருகில் மடிப்புமடிப்பான துணித் தட்டு ஒன்று உண்டு. அதனை ஸ்பைடர் என்பர். மேலே கூம்பின் வாய்ப்புறத்தை இரும்புச் சட்டத்தோடு இணைப்பது விளிம்பு வளையம். வளையம் கூம்பை நடுவிலே நிறுத்தவும் வேண்டும்; தடையின்றி அசையவிடவும் வேண்டும். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டு கடமைகளையும் விரலளவு அகலமுள்ள அவ்வளையம் தாங்குகின்றது.

பெரிய ஒலிபெருக்கிக்கு இக்கடமை மிகவும் கடியது. உரப்பு மாறாமல் சுருதி ஒரு ஸ்தாயி தாழ வேண்டுமாயின், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். ஆதலால் மந்தர சுரத்தை ஒலிக்கும் கூம்பிற்கு விளிம்பு மிக நெகிழ்வாக இருத்தல் இன்றியமையாதது. பழைய ஒலிபெருக்கிகளிலே கூம்பின் காகித ஓரத்தையே மடித்து விளிம்பாக்கியிருந்தனர். அஃது உறுதியானது, ஆனால் விறைப்பானது. 1954ஆம் ஆண்டில் எட்கார் வில்ச்சர் என்னும் அமெரிக்கர், காற்றுப்புகாத சிறிய பெட்டியிலே ஒலிபெருக்கியை அடைத்து, உள்ளிருக்கும் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். சிறு பெட்டியிலும் ஆழ்ந்த ஓசை பிறந்தது. அம்முறை பரவியபின் மிக நெகிழ்வான விளிம்பிற்குத் தேவை மிகுந்தது. அத்தேவையை நிறைவேற்ற வந்த பொருள்களுள் ஒன்றே பாலியூரித்தேன் நுரை. பாலியூரித்தேன் என்பது ஜெர்மானிய இரசாயனர் ஓட்டோ பாயரும் அவருடன் உழைத்தோரும் 1937ஆம் ஆண்டில் கண்டது. நுரை வளையம் இலேசானது, மலிவானது, நன்கு வளைவது.

அதற்கு ஒரு குறையும் உண்டு. காற்றிலுள்ள ஈரமும் உயிர்வாயுவும் அதன் அணுக்கோவையைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. வெப்பமும் வெயிலும் அவ்வேலையை விரைவுபடுத்துகின்றன. பத்து, இருபது ஆண்டுகளுக்குள் நுரை பிசுபிசுத்துப் பின் பொடிந்துவிடும். பெட்டியை நாள்தோறும் ஒலிக்கச் செய்தாலும், உறையிட்டு மூடிவைத்தாலும் இஃது ஏறத்தாழ ஒன்றே. ஆயின் காந்தமோ, இரும்புச் சட்டமோ, காகிதக் கூம்போ அவ்வாறு அழிவன அல்ல. காத்துவைத்தால் ஒரு தலைமுறைக்கு மேலும் இருக்கும். ஓர் உறுப்பின் ஆயுள் பதினைந்து ஆண்டு, மற்றவற்றின் ஆயுள் ஐம்பது ஆண்டு என்றால், குறைந்த ஆயுளையே முழுப்பொருளின் ஆயுளாகக் கொள்வது என்ன கணக்கு? சக்கரத்தின் ரப்பர் தேய்ந்ததென்று மிதிவண்டியைக் குப்பையில் எறிவார் உண்டோ?

அப்பெட்டியை யானே செம்மை செய்வதென்று துணிந்தேன். அண்ணன் முறையைச் சொல்லித்தந்தார். கையை யான்தான் பழக்க வேண்டியிருந்தது. முதலில் சோதனைகள். பெருக்கியிலிருந்து கம்பியைக் கழற்றியபின், கூம்பின் இருபுறத்திலும் விரல்களை ஒப்ப வைத்து மெல்ல அழுத்தினால் அஃது உரசாமல் இறங்கி ஏற வேண்டும். எட்டு ஓம் என்று குறித்த ஒலிபெருக்கியை மல்டிமீட்டரால் அளந்தால் ஆறு அல்லது ஏழு ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிடில் கம்பிச் சுருள் அறுந்ததென்று கொள்க. ஒன்றரை வோல்ட்டு மின்கலத்தின் முனைகளை ஒரு கணம் தொடுவித்தால் கூம்பு தெளிவாக அசைய வேண்டும். இம்மூன்றிலும் எங்கள் வூஃபர் தேறிற்று. அதன் காந்தம், சுருள், கூம்பு மூன்றும் பழுதற்றவை என்று அறிந்த அவ்வேளையில் எனக்கு மகிழ்ச்சியைவிட நாணமே மிகுந்தது. விற்றுவிட்ட பெட்டியும் இவ்வாறே தேறியிருக்கும் அன்றோ!

அடுத்துப் பிழைகள். 'எட்டு அங்குலம்' என்று கேட்டு வாங்கிய முதல் வளையம் பொருந்தவில்லை. பெயரளவில் எட்டு அங்குலமாயினும் கூம்பின் வெளிவட்டமும் சட்டத்தின் உள்வட்டமும் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் வேறுபடும் என்பதை அறியாமல், அளவுகோலை எடுக்காமலே கடைக்குச் சென்றதன் பயன் அது. இரண்டாவது வளையம் பொருந்தியது. ஆனால் அவசரத்தால், நொடியில் ஒட்டும் பசையைக் கொண்டு ஒட்டினேன். அப்பசை கண்ணாடிபோல் இறுகும் தன்மையது. வளைய வேண்டிய இடத்தை வளையவிடாது. அன்றியும், அது நொடியில் பற்றிக்கொள்வதால் வளையத்தைச் சற்றே நகர்த்தி நடுவாக்க நேரம் கொடாது. கம்பிச் சுருளுக்கும் காந்தத்திற்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீட்டரும் இராது. கூம்பு ஒரு மயிரிழை சாய்ந்ததனால் சுருள் உரசி, மணலை அரைத்தாற்போன்ற ஓசை எழுந்தது. மறுபடி உரித்தெடுக்கையில் கூம்பின் ஓரம் ஒரு விரற்கடை கிழிந்தது.

மூன்றாம் முறை, அண்ணன் சொன்னதைச் சொன்னபடியே செய்தேன். பழைய நுரையையும் பசையையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி, சாராய மருந்து தோய்ந்த பஞ்சினால் துடைத்தேன். கிழிந்த ஓரத்தின்மேல் மெல்லிய தாளை நீர் கலந்த வெள்ளைப் பசையால் ஒட்டினேன். கூம்பின் நடுவிலுள்ள தூசிமூடியைக் கூரிய தகட்டால் அறுத்தெடுத்து, சுருளின் உட்புறத்தில் பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து வெட்டிய நான்கு பட்டைகளைச் செருகினேன். அவை சுருளை நான்கு திசையிலும் சமமாகத் தாங்கிக்கொண்டன. பின்னர் வளையத்தை முதலில் கூம்போடு ஒட்டி உலரவிட்டேன். அதன்பின் சட்டத்தோடு ஒட்டினேன். காய்ந்தபின்னும் வளையும் வெள்ளைப் பசையையே பயன்படுத்தினேன். ஒரு பகலும் ஓர் இரவும் அதனைத் தொடவில்லை. மறுநாள் பட்டைகளை உருவி, மின்கலத்தால் சோதித்து, தூசிமூடியை மீண்டும் ஒட்டினேன். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். அதிலும் ஒரு பகுதி என் பிழைக்குக் கொடுத்த விலை. அன்று மாலை கீர்த்தனை ஒலிக்க, தொப்பியின் ஓசை திரும்பி வந்தது. என் தந்தையார் நாற்காலியைச் சற்று வலப்பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். இடப்பக்கத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இவ்வேலையைப் புகழ்ந்து பேசும்பொழுது சிலர் தடை கூறுவர். அவற்றுள் வலியனவற்றிற்கு விடை கூறுதல் முறை. புதிய ஒலிபெருக்கி மலிவாகக் கிடைக்கும்பொழுது இரண்டு நாள் உழைப்பை வீணாக்குவது ஏன் என்பது ஒரு தடை. காலத்திற்கு விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் விலையைக் கணக்கிடுங்கால் முழுவதையும் கணக்கிடுதல் நேர்மை. எறிந்த பெட்டி எங்கும் மறைந்துபோவதில்லை. எவரோ ஒருவருடைய முற்றத்தில் உடைபடுகின்றது, எவருடைய கையோ அதன் பொடியை அளைகின்றது. அக்கூடையைக் கண்ணாற் கண்டபின், 'மலிவு' என்ற சொல்லை யான் முன்போல் எளிதாக வழங்குவதில்லை.

அறியாதவன் கைவைத்தால் உள்ளதும் கெடும் என்பது மற்றொரு தடை. இதில் உண்மை உண்டு. கூம்பைக் கிழித்த எனக்கு அது நன்றாகத் தெரியும். தடித்த வளையத்தை ஒட்டினால் ஒலிபெருக்கியின் இயல்பான அதிர்வெண் உயர்ந்து, ஆழ்ந்த ஓசை குறையும். ஒலிபெருக்கியும் பெட்டியும் ஒன்றற்கொன்று இயைய வேண்டிய கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பார் 1961ஆம் ஆண்டில் வகுத்தார். பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரித்தார். எனவே கிடைத்த ரப்பரையும் துணியையும் மனம்போனபடி ஒட்டுவது செம்மையாகாது. சுருள் எரிந்திருந்தால் அதனைத் தொழில் அறிந்தவரிடமே ஒப்புவிக்க வேண்டும். மின்சாரம் தேங்கி நிற்கும் பெருக்கியைத் திறப்பதும் பழக்கமில்லாதவர் செய்யத்தக்கதன்று. வீட்டிலே செய்யத்தக்கது இது, செய்யத்தகாதது இது என்று பிரித்தறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே. ஆனால் 'என்னால் ஆகாது' என்ற முடிவு, பார்த்தபின் வருவதாக இருக்கட்டும், பார்க்காமலே வரவேண்டா.

ஒலிபெருக்கிகளால் ஊருக்கு உண்டாகும் இரைச்சல் போதாதோ, பழையவற்றிற்கும் உயிர் கொடுக்க வேண்டுமோ என்று நண்பரொருவர் நகையாடினார். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொதுவிடங்களில் ஒலிபெருக்கியை ஒலிக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுத்துள்ளன. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்ற எல்லையும் அவற்றுள் உண்டு. எங்கள் சபையார் உட்பட எல்லாச் சமயத்தாரும் அதனைக் கைக்கொள்ளுதல் நலம். யான் பேசுவது தெருவை அதிரவைக்கும் ஒலியைப்பற்றியன்று. ஓர் அறையினுள் அமர்ந்து கேட்பவனுக்கு மெல்லிய ஓசையும் முழுமையாய் வந்து சேர்வதைப்பற்றியே பேசுகின்றேன். விளிம்பு நைந்த பெட்டியையே உரக்கக் கூட்டிவைக்கும் ஆசை எழுகின்றது. செம்மையான பெட்டி தாழ்ந்த அளவிலேயே நிறைவளிக்கின்றது.

பொருளைச் செய்வோர்க்கும் இதில் கடமை உண்டு. பழுது நீக்கும் உரிமைக்கு நெறிமுறை வகுக்க இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் அதற்கென இணையத்தளம் ஒன்றும் தொடங்கப்பெற்றது. பிரான்சு நாட்டிலே 2021ஆம் ஆண்டு முதல் கைப்பேசி, சலவைப்பொறி முதலிய சிலவற்றின்மேல், அவற்றைப் பழுது நீக்குதல் எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று பொறிக்க விதி செய்தனர். இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் உரிமை ஏட்டில் இருந்து, கையில் திறமை இல்லையேல் பயன் என்ன? இந்நாளில் வரும் சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றில் திருகாணியே இல்லை, பசையால் மூடிவிடுகின்றனர். திறக்கவேண்டும் என்று கேட்போர் இல்லையேல், திறக்கும்படி செய்வோரும் இரார்.

இவ்வறிவு நம்மவர்க்குப் புதிதும் அன்று. மிருதங்கத்தை நோக்குக. அதன் பலாமரக் கட்டை பல்லாண்டு நிற்கும். தோலும் வாரும் அடிக்கடி மாறும். தொப்பியின் நடுவில் அப்பும் ரவைப் பசையோ ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாக அப்பப்படும். தோல் கிழிந்ததென்று கட்டையை அடுப்பில் இட்ட வித்துவான் எவரும் இலர். நைவது எது, நிலைப்பது எது என்று பகுத்து, நைவதை மாற்றத்தக்கதாகவே அமைத்துவைத்த அறிவு அஃது. ஆனால் அத்தோலை மாற்றுபவருடைய பெயரை நாம் அறிவோமா? டி. எம். கிருஷ்ணா அவர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைக் கூறுவது. அவர்களுள் பலர் தலித் கிறிஸ்தவர்கள். மேடையின்மேல் முழங்கிய நாதத்தைத் தம் கையால் படைத்தும், மேடைக்குக் கீழேயே நின்றவர்கள். நூலைக் கற்பவன் மேல், தோலைத் தைப்பவன் கீழ் என்ற எண்ணமே, திருப்புளி பிடிக்க வெட்கப்படும் மாணவனையும் உண்டாக்கியது. எனக்கு அறிவுரை கூறத் தெரிந்திருந்தது. பெட்டியைத் திறக்கத் தெரியவில்லை. திறக்கத் தெரிந்த அண்ணனை அதுவரை யான் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

செம்மை செய்யும் கை இல்லாமற் போனால் என் நேரும் என்பதற்கு யாழே சான்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனுக்குரிய இலக்கணம் விரிவாகப் பேசப்படுகின்றது. ஆயினும் யாழைச் செய்வாரும் கட்டுவாரும் வாசிப்பாரும் அற்றுப்போன பிற்காலத்தில், அதன் வடிவமும் மறைந்தது. மட்டக்களப்பு தந்த விபுலானந்த அடிகள் பழைய நூல்களையும் உரைகளையும் பல்லாண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வாயிலாக 'யாழ் நூலை' வெளியிட வேண்டியதாயிற்று. கைவழியாக வந்திருக்க வேண்டிய அறிவை, ஏட்டின் வழியாகத் தேட வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி யாழன்று, அதன் மறைவுக்கு எவரும் இரங்கற்பா பாடமாட்டார். ஆயினும் மறைவின் வழி ஒன்றே. முதலில் செம்மை செய்வோனை மறக்கின்றோம். பிறகு பொருளையே மறக்கின்றோம்.

இப்பொழுது தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை கூறலாம். தமிழ் மாணவனுக்கும் இத்தொழிலுக்கும் உறவு உண்டு. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். எங்கள் ஊர் மலையில் உருவாய் நிற்கும் அவ்வருக சமயத்தார் இயற்றிய பெருங்காப்பியம் அது. அவருக்குக் கிடைத்த ஏடுகளில் செல்லரித்தனவும் முறிந்தனவும் பிழைபட்டனவும் மலிந்திருந்தன. ஒரு சொல் அழிந்ததென்று அவர் பாட்டை எறியவில்லை; ஓர் ஏடு முறிந்ததென்று சுவடியை எறியவில்லை. பல பிரதிகளை ஒப்புநோக்கி, பொருள் தெரியாதவிடத்துச் சமணரிடமே சென்று கேட்டு, அழிந்தது எது, நின்றது எது என்று பிரித்தறிந்தார். பொருந்தாத சொல்லை இடைவெளியிலே திணிப்பது, பொருந்தாத வளையத்தை ஒட்டுவது போன்றதே. பதிப்பாசிரியனுக்கு வேண்டிய பொறுமையும் நேர்மையும் கேட்டறியும் அடக்கமும் ஒலிபெருக்கியின் முன் அமர்பவனுக்கும் வேண்டும். வகுப்பிலே பாடபேதம் என்று யான் கற்றதைத் திண்ணையிலே கையால் கற்றேன், அவ்வளவே வேற்றுமை.

ஆதலின் நம் கல்லூரியாரை ஒன்று வேண்டிக்கொள்வேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, விடுதியின் ஓர் அறையில் ஒரு மேசையும், சில கருவிகளும், தொழில் அறிந்த ஒருவரும் இருக்கட்டும். அத்தொழிலாளரை உதவிக்கு வந்தவராக அன்றி ஆசிரியராகவே வரவேற்போமாக. அவருக்குரிய ஊதியத்தையும் அளிப்போமாக. பௌதிக மாணவரும் தமிழ் மாணவரும் வணிக மாணவரும் தத்தம் வீட்டில் மூலையில் கிடக்கும் ஒன்றைக் கொண்டுவந்து திறந்து பார்க்கட்டும். எல்லாம் பிழைக்கும் என்று சொல்லவில்லை. சில உண்மையாகவே முடிந்தவையாக இருக்கும். அவற்றையும் அறிந்தே விடைகொடுத்து அனுப்புவோம். பழைய மாணவர்களுள் இத்தொழிலில் வல்லவர் பலர் இருப்பர். அவர்கள் ஒரு மாலைப்பொழுதைத் தாம் பயின்ற இடத்திற்கு அளிப்பார்களாயின் அது பெருங்கொடையாகும்.

எங்கள் வீட்டில் இன்றும் ஒரு பெட்டிதான் பாடுகின்றது. இரண்டிலும் பிரிந்து வந்த இசை ஒன்றிலே அடங்கி வருகின்றது. இடப்பக்கத்து மூலையில் பெட்டி இருந்த இடம், சுவரிலே வெளுக்காத ஒரு சதுரமாய்த் தெரிகின்றது. வெள்ளையடிக்கும்பொழுது அதனை மறைத்துவிடலாம் என்று தாயார் கூறுகின்றார். மறைக்க வேண்டா என்று யான் தடுத்து வருகின்றேன். அடுத்த முறை எவரேனும் ஒரு பொருளைக் காட்டி, 'இனித் தேறாது' என்று சொன்னால், அச்சதுரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்புளியைத் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.